ஆடி போவட்டும்

வேணாங்கய்யா. ஆடி போவட்டும், ஆவணியில கையெழுத்து போட்டுக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க. திருப்பாப்புலியூர்ல நீங்க ரயிலு ஏறுனதுலேருந்து பாக்குறேன், அந்தக் காயிதத்த எடுக்குறீங்க, படிக்கிறீங்க, மடிச்சு மறுபடி ஜோபுல வெக்கிறீங்க.

உங்க புள்ளைக்குக் காலேஜுல குரூப்பு மாத்துற பாரந்தான? பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னால எனக்கும் இதே வந்துது. எம்புள்ள சபாபதி அனுப்புனான். அவனும் சிதம்பரத்துலதான், இன்டர்மீடியட்டு மொத வருசம். நானா? நெல்லிக்குப்பங்க. கரும்பு வெவசாயம்.

கணக்கு, பிசிக்ஸு, கெமிஸ்ட்ரி மூணையும் எடுடான்னு நாந்தான் சொன்னேன். எனக்கென்ன தெரியும்? இஞ்சினீரு ஆவணும்னா அதான் படிக்கணும்னு ஆலையில ஒரு கிளார்க்கு சொன்னாரு. பய ஒரு மாசம் பாத்துட்டு எழுதுறான், கணக்கு ஏற மாட்டேங்குதுப்பா, அதோடயே உக்காந்திருந்தா மத்த ரெண்டும் போயிடுது, கணக்க விட்டுட்டு நேச்சுரல் சயின்ஸு எடுத்துக்குறேன், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கன்னு.

அது என்ன படிப்புன்னு விசாரிச்சேன். செடி கொடி பத்தியாம். அதுக்கு சிதம்பரம் எதுக்குடா, நம்ப கொல்லையில இல்லாத செடியான்னு சிரிச்சேன். ஆலை வாசல்ல வண்டிக்காரனுங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். ஆனா மாட்டேன்னு சொல்லலீங்க. சத்தியமா சொல்லல. ஆடியில புதுசா ஒண்ணத் தொடங்கக் கூடாது, ஆவணி பொறக்கட்டும்னு எழுதுனேன். கெடு இங்கிலீஷு மாசக் கடைசியோட சரியாம்ப்பான்னு அவன் திரும்ப எழுதுனான். காலேஜுக்காரனுக்கும் ஆடி உண்டுல்ல, பொறுப்பான்னு நெனச்சேன். ஆவணி ஒண்ணாந்தேதி தலைக்குக் குளிச்சு, விபூதி பூசிக்கிட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்புனேன். கெடு தாண்டிடுச்சுன்னு பாரம் திரும்பி வந்துடுச்சு.

மாடு பாத்துத்தாங்க கரும்பு ஏத்துறோம். எது இழுக்கும், எது பாதி வழியில முட்டி போட்டுடும்னு எனக்கு அத்துப்படி. பெத்த புள்ள விசயத்துல அது தோணல பாருங்க.

உங்க வூட்டம்மா ஒத்துக்க மாட்டாங்களா? எங்க வூட்டுலயும் அப்படித்தான். சௌந்தரம் ஆடின்னா ஒரு பானை கூட புதுசா வாங்க மாட்டா. இப்ப எங்கிட்ட பேசுறதே இல்ல. சாமிக்கு வெளக்கேத்துறதையும் விட்டுட்டா.

பய பெயிலுதாங்க. கணக்குலதான் போச்சு. வூட்டுக்கு வந்து சொல்லியிருந்தா ரெண்டு திட்டு திட்டியிருப்பேன், அவ்வளவுதான். வரலியே. வயச ஜாஸ்தியா சொல்லி பட்டாளத்துல பேரு குடுத்துட்டான். சண்டை நடக்குற அஸ்ஸாம் பக்கத்துலேருந்து ஒரே ஒரு கடுதாசி வந்துது. இந்தக் காட்டுல இருக்குற செடி ஒண்ணு கூட நம்ப கொல்லையில இல்லப்பான்னு எழுதியிருந்தான்.

கிள்ளை வருது, நான் எறங்கணும். மக வூடு இங்கதான். உங்க புள்ளைக்கு எது தாங்குதோ அத எடுத்துக்கட்டும். போடுங்க.

பேனா இல்லியா? இந்தாங்க. சபாபதியோடது. போன பங்குனியில பட்டாளத்துக்காரங்க அவன் சாமானெல்லாம் ஒரு பொட்டலமா கட்டி அனுப்பியிருந்தாங்க, அதுல இருந்துது. மை இருக்கு, நல்லாவே எழுதும். சீக்கிரம் போட்டுட்டுக் குடுங்க, ரயிலு ரெண்டு நிமிசந்தான் நிக்கும்.