முதுகு வலிக்காத இடம்

மனைவியின் முதுகைப் பற்றிக் கவலைப்படுகிற கணவன்மார் எங்கள் விளாங்குடியில் அதிகம் இல்லை. நான் கவலைப்பட்டேன். நடந்தது எல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

என் மனைவி முத்துத்தாய் தமிழ், இங்கிலீஷ் இரண்டு டைப்பிங்கிலும் ஹையர் பாஸ் செய்தவள். கல்யாணமான மறு வருஷம் ஒரு பழைய டைப்ரைட்டர் வாங்கி வீட்டில் வைத்தேன். கல்லூரி ஆசிரியர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகள், வக்கீல்களின் பத்திரங்கள் என்று வேலை வரத் தொடங்கியது. வாசலில் 'நல்லகாமன் டைப்பிங்' என்று போர்டு மாட்டினேன். நல்லகாமன் என்பது நான். எனக்கு டைப் அடிக்கத் தெரியாது. ஆனால் போர்டில் பெண்பிள்ளை பெயரைப் போட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அந்தச் சிரமம் அவளுக்கு எதற்கு என்று நானே அதை ஏற்றுக்கொண்டேன். பல ஆராய்ச்சிக் கட்டுரைகளின் முன்னுரையில் 'பிழையின்றித் தட்டச்சு செய்து உதவிய திரு. நல்லகாமன் அவர்களுக்கு நன்றி' என்று இருக்கிறது. அந்த வரியையும் அவள்தான் பிழையின்றி அடித்தாள்.

ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வசதியான இடமாக ஒன்று அமைத்துக் கொடுப்பது என்று தீர்மானித்தேன்.

பெரிய செலவில்லை. மூடிப்போன டுடோரியல் ஒன்றிலிருந்து கை வைத்த நாற்காலி கிடைத்தது. பாதம் தரையில் முழுதாகப் பதியவேண்டும் என்பதால் அதன் கால்களை ஒன்றரை அங்குலம் அறுத்தேன். கை தொங்கவும் கூடாது, தோள் தூக்கவும் கூடாது என்று மேசையின் கால்களையும் அளந்து அறுத்தேன். இடுப்புக்கு இலவம்பஞ்சுத் திண்டு. குனிந்து குனிந்து பார்த்தால் கழுத்து போய்விடும். அதனால் பழைய காலண்டர் அட்டையில் கிளிப் மாட்டி, அடிக்கவேண்டிய தாள் கண்ணுக்கு நேராக நிற்கும்படி செய்தேன். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் தண்ணீர்ப் பானை. அவள் எழுந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை.

இடத்தையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். முன்னறையில் திண்டுக்கல் ரோட்டுப் புழுதி. பின்னறை ஜன்னலில் வேப்பமரக் காற்று வரும், இடது பக்கமிருந்து வெளிச்சம் விழும். கண்ணுக்கு மிகவும் நல்லது. அங்கே உட்கார்ந்தால் தெரு தெரியாது. டைப்ரைட்டர் ஓடும்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தாலும் கேட்காது.

சைக்கிள் மணி அடிப்பவர் தபால்காரர் வெள்ளைத்துரை. பதினோரு மணிக்கு வருவார். எனக்கு மில்லில் மதியத்துக்கு மேல்தான் ஷிப்ட். பதினோரு மணிக்கு நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

"மாப்ள, தங்கச்சிக்குச் சர்க்கார் கடுதாசி வந்திருக்கு. கூப்பிடுங்க, கையில குடுத்துட்டுப் போறேன்."

"வேலையா இருக்கா மச்சான். எந்திரிச்சா முதுகு புடிச்சுக்கிரும். எங்கிட்டக் குடுங்க."

"பொண்டாட்டி மேல அம்புட்டுப் பாசமாய்யா? எங்க வீட்டுக்காரி காதுல விழுந்துறாம. எனக்குச் சோறு கிடைக்காது."

முத்துத்தாய் கல்யாணத்துக்கு முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்து வைத்திருந்தாள். முறை வரும்போது தபாலில் இன்டர்வியூ கடிதம் வரும். சொன்ன நாளில் போய் நிற்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சர்க்கார் வேலைக்கு வயது வரம்பு வேறு உண்டு. அவளுக்கு எண்பத்து நாலு ஜூனோடு அது முடிகிறது. எண்பத்தொன்றில் ஒரு கடிதம் வந்தது. எண்பத்திரண்டில் ஒன்று. அடுத்த வருஷம் ஒன்று. மூன்றையும் நான்தான் வாங்கினேன். மூன்றையும் நான்தான் ஒளித்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. காலை பஸ் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதில் அவள் தினமும் நசுங்கவேண்டுமா? தவிர, அவள் போய்விட்டால் போர்டைக் கழற்றவேண்டும். ஆசிரியர்கள் தெருவில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

"இத்தன வருசம் ஆச்சு, ஒரு தடவகூடக் கூப்பிடலையே" என்பாள். "சர்க்கார்னா அப்பிடித்தான் தாயி" என்று ஆறுதல் சொல்வேன். ஆடி வெள்ளிக்கு வண்டியூர் மாரியம்மனிடம் வேலை கேட்டு விளக்குப் போட அவளை அழைத்துப் போனதும் நானே. போக வர ஜன்னலோர சீட்டில்தான் உட்காரவைத்தேன்.

சர்க்கார் காகிதத்தைக் கிழிக்க எனக்கு மனம் வராது. டைப்ரைட்டர் அடிக்கும்போது மேசையில் நகர்ந்துகொண்டே இருந்தது. மூன்று கடிதங்களையும் மடித்து, துணி சுற்றி, மெஷினுக்கு அடியில் மெத்தை மாதிரி வைத்தேன். அதிர்வு குறைந்தது. அவள் மணிக்கட்டுக்கு இதமாக இருப்பதாகச் சொன்னாள்.

எண்பத்து நாலு மே மாதம், நான் மில்லில் இருந்தபோது, மெஷினைச் சுத்தம் செய்ய மெக்கானிக் சேக் இஸ்மாயில் வந்திருக்கிறார். வருகிறேன் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். மெஷினைத் தூக்கியவர், "என்னாம்மா இது, அடியில கந்தல் மூட்டைய வச்சிருக்கீங்க?" என்று பிரித்தாராம். பிறகு, "யா அல்லா, மூணும் உங்க பேருக்குல்ல வந்த காயிதம்" என்றாராம்.

நான் வீடு திரும்பியபோது கடிதங்கள் மேசையில் வரிசையாக இருந்தன. அவள் அழுது முடித்திருந்தாள்.

"இன்னும் எத்தன இருக்கு?"

"அம்புட்டுத்தான்."

"உங்க வாய்ச்சொல்ல நம்ப மாட்டேன். கருப்பனுக்குச் சூடம் கொளுத்துறேன். அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க."

தட்டில் சூடத்தை ஏற்றி நீட்டினாள். எங்கள் பக்கத்தில் சூடத்தை அணைத்துப் பொய் சொன்னவன் குலம் விளங்காது என்பார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்தக் கவலையும் இல்லை. வேறு கடிதம் இல்லை என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தேன். நாலாவது கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. முந்தாநாள் வெள்ளைத்துரைக்கு லீவு, பதிலுக்கு வந்த ஆள் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. ஒரு தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, வரும் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இன்டர்வியூ.

கையில் கொப்புளம் கிளம்பியது. அவள் மருந்து எடுத்து வந்து போட்டாள். ஊதிக்கொண்டே சொன்னாள்: "ஜூனு முடிய இன்னும் நாள் கெடக்கு. ஒரே ஒரு கடுதாசி வந்தாப் போதும். நானே வாங்கிக்கிறேன்."

மறுநாளிலிருந்து மெஷினைத் தொடவில்லை. காலையிலேயே வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். கல்லில் உட்கார்ந்தால் இடுப்புக்கு ஆகாது என்று திண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைத் தெருவில் வீசினாள். வெள்ளைத்துரை சைக்கிளை நிறுத்தாமலே, "இன்னைக்கும் இல்ல தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டு போவார்.

வியாழக்கிழமையும் அவள் வாசற்படியில்தான் இருந்தாள். நான் சீக்கிரமே கிளம்பி அந்தத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்பீர்கள். ஒரு முடிவு எடுக்குமுன் நேரில் பார்த்துவிடுவது என் வழக்கம். வராந்தா பெஞ்சில் ஐந்தாறு பெண்கள் சர்டிபிகேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு மணிக்குப் பியூன் வெளியே வந்தார்.

"முத்துத்தாய், விளாங்குடி."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது முறை கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். மூன்றாவது முறை என்னைப் பார்த்து, "நீங்க யாரு கூட வந்தீங்கண்ணே?" என்றார். யார் கூடவும் இல்லை என்றேன். அவர் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

நான் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். டைப்பிஸ்டுக்குப் போட்டிருந்தது சாய்வே இல்லாத ஒரு ஸ்டூல். கால் வைக்கப் பலகை இல்லை. வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து விழுகிறது. இதில் போய் நாள் முழுவதும் உட்கார்ந்தால் அவள் முதுகு என்னத்துக்கு ஆகும்? நான் ஒருவன் இல்லாமல் போயிருந்தால் அவளை யார் காப்பாற்றியிருப்பார்கள்?