தாமரைப் பூ உபயம்

தாமரை வளர்க்க முதலில் வேண்டியது குளம் என்று நினைப்பீர்கள். இல்லை சார், அரம். ரம்பத்துக்குப் பல் தீட்டுவார்களே, அந்த அரம்தான். தாமரை விதையின் ஓட்டைப் பொடித்துப் பாம்பன் பாலத்துக்குப் பூசியிருந்தால் எந்தப் புயலும் அதைத் தொட்டிருக்காது, அவ்வளவு கெட்டி. அப்படியே தண்ணீரில் போட்டால் நம் பேரன் பேத்தி காலம்வரை சும்மா கிடக்கும். மழுங்கிய முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டுப் போட்டுவைத்தால் தானே முளை விடும். ராவுகிறவன் அவசரப்படக் கூடாது. எனக்கு அவசரம் என்பதே கிடையாது. போகப் போக நீங்களே பார்ப்பீர்கள்.

நீங்கள் வந்த காரணம் தெரியும். இந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. என் கொல்லைக் குளம் வற்றி, நடுவில் பழைய கிணற்றின் வாய் தெரிகிறது. வேலி வழியே எட்டிப் பார்த்த எவனோ உங்கள் ஸ்டேஷனுக்கு மனு எழுதிப் போட்டிருக்கிறான். போடட்டும். வாசலில் நின்று, "மிஸ்டர் செல்லச்சாமி இருக்காரா?" என்று கேட்டீர்களே, அந்த மரியாதைக்காகவே எதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரி இராமலட்சுமி உள்ளேயிருந்து, "அப்படி யாரும் இங்கன இல்லீங்களே" என்று உங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. புருஷன் பேரை வாயால் சொல்லாத தலைமுறை. சொல்லாமல் சொல்லாமல் மறந்தே போய்விட்டது.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பங்குனித் திருவிழாவில் அம்மனுக்கு முதல் பூ தாமரை. பரிவட்டம் கட்டிய ஆள் ஈர வேட்டியோடு ஊருணியில் இறங்கித் தன் கையாலேயே பறிக்க வேண்டும். தண்ணீரில் கால் வைத்ததிலிருந்து அந்தப் பூ அம்மன் காலடிக்குப் போகிறவரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பரிவட்டம் அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும். போனது போனதுதான்.

1974-இல் பரிவட்டம் எங்கள் வீட்டில் இருந்தது. அய்யா காலமாகி, முதல் தடவையாக என் தலையில் கட்டினார்கள். அப்போது நான் எப்படி இருப்பேன் தெரியுமா? தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் என்னைப் போல ஒரு வாலிபன் கிடையாது. இதில் மிகை ரொம்பக் குறைவு. எனக்கு நிச்சயம் செய்திருந்த இராமலட்சுமியும் அவள் வீட்டாரும் கரையில் வந்து நிற்கிறார்கள். படித்துறையில் பாசி. கால் வழுக்கியது. கையையும் காலையும் பரப்பிக்கொண்டு தண்ணீர்மேல் சப்பென்று விழுந்தேன். எழுந்தபோது மூக்கில் ஏறிய தண்ணீர் தொண்டை வழியாக ஒரு சத்தத்தோடு வெளியே வந்தது. இருமல் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

அது பேச்சா, பேச்சில்லையா என்று பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். பேச்சில்லை என்ற பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது என் சித்தப்பா மகன் பொன்னுச்சாமி, என்னைவிட இளையவன், மேல்படியில் நின்று அண்ணனுக்குப் பரிந்து பேசுகிற மாதிரி ஆரம்பித்தான்.

"அண்ணன் ஒரு வார்த்த பேசலப்பா. நான் சாட்சி. கத்துனாரு. தவள கத்தும்ல, அம்புட்டுத்தான்."

ஊர் சிரித்த சிரிப்பில் கரையில் கட்டியிருந்த மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. இராமலட்சுமியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவள் அன்றைக்குக் கட்டியிருந்தது மாம்பழக் கலர் புடவை. சிரித்த பிறகு தீர்ப்பு வேறு எப்படி வரும்? சாயங்காலம் பரிவட்டம் பொன்னுச்சாமி தலைக்குப் போயிற்று. என் தலையில் தவளை உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு செல்லச்சாமி என்று ஒருவன் இந்த ஊரில் இல்லை. தவளை வயல், தவளை மாடு, தவளை வீடு. தபால்காரருக்கு மேல்விலாசம் தேவைப்படவில்லை. என் கல்யாணப் பந்தலில் மொய் எழுதியவர்கூட என்னிடமே, "தவள, உங்க முழுப் பேரு என்னப்பா?" என்று கேட்டார்.

தப்பித்துப் பாம்பன் பக்கம் மண்டபம் ஊருக்குப் போனேன். அங்கே ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை, பிறகு மேனேஜர். எல்லோருக்கும் நான் 'மேனேஜர் சார்'. பேரைச் சொல்லாவிட்டாலும் பட்டப்பேர் இல்லை, அது போதும் என்று கொஞ்ச வருஷம் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் பொன்னுச்சாமி, ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு, அண்ணனைப் பார்க்காமல் போகக் கூடாது என்று பாசத்தோடு வந்தான். கேட்டில் நின்றே, "தவளையண்ணே, நல்லாருக்கீகளா?" என்று குரல் கொடுத்தான். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த அத்தனை சம்மட்டியும் நின்றன. மறுநாள் ஸ்டோர் பார்க்கும் ஹமீது சுல்தான், நல்ல மனுஷன், தொழுகைக்குப் போகாமல் ஒரு காரியம் செய்ய மாட்டார், அவரே சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தவளை சாரு ஐஸுக்குள்ள எப்படித்தான் குளிர் தாங்குறீகளோ" என்றார். ராமேஸ்வரம் ரயில்கூட அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியைத் தாண்டும்போது கொஞ்சம் கரகரத்த குரலில்தான் ஊதியது.

பொன்னுச்சாமி கெட்டவன் இல்லை சார். அதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் எதையும் வேண்டுமென்று செய்ததில்லை. அதுதான் தாங்க முடியாதது.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். பொழுது போக வேண்டுமே. கொல்லையில் ஒரு உவர்க் கிணறு, குடிக்க ஆகாமல் பாழாகக் கிடந்தது. அதன் கைப்பிடிச் சுவரை இடித்துத் தரைமட்டமாக்கி, அதைச் சுற்றி இடுப்பளவு ஆழத்துக்குக் குளம் வெட்டினேன். கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டுத் தூர்த்துவிட்டேன் என்று ஊரில் சொன்னேன். தூர்க்கத்தான் நினைத்தேன். ஆளிடம்கூடச் சொல்லிவைத்திருந்தேன். கூரையில் விழுகிற மழைத்தண்ணீரைக் குழாய் போட்டு இறக்கினேன். ஊருணியில் அள்ளிய கரம்பை மண்ணைத் தொட்டிகளில் நிரப்பி, முளைத்த விதைகளை வைத்தேன். சுற்றிலும் சிவப்புத் தாமரை. ஒரே ஒரு வெள்ளைத் தாமரையை மட்டும் கிணற்று விளிம்பின் அந்தப் பக்கமாக, நடுக்குளத்தில் வைத்தேன். அங்கேதான் வெயில் நன்றாக விழும்.

இராமலட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஊரு சொல்றது பத்தாதுன்னு தவளைக்கு வீடு வேற கட்டுறீகளாக்கும்."

அவள் சொன்னபடியே தவளைகளும் வந்து சேர்ந்தன. தனுஷ்கோடியிலிருந்துகூடச் சொந்தபந்தம் விசாரித்து வந்திருக்கும், அவ்வளவு கூட்டம். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படர்ந்து, குளம் முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. எது இடுப்பளவு, எது கிணறு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஊருணி அதற்கு முன்பே மண்மேடிட்டுக் கருவேல முள் அடைந்துவிட்டது. மதுரையிலிருந்து பஸ்ஸில் பூ வரும். பொன்னுச்சாமி ஈர வேட்டியோடு, வாயை இறுக மூடிக்கொண்டு, ஒரு அண்டாவில் மிதக்கும் தாமரையை எடுப்பான். அம்மனுக்கே சிரிப்பு வந்திருக்கும். ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து, என் குளத்தில் உயிர்த் தாமரை இருக்கிறது, பழைய வழக்கப்படியே இறங்கிப் பறிக்கலாம் என்றேன். எனக்கென்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மைக்கில் உபயதாரர் பேரைச் சொல்லும்போது என் பேரைச் சொல்ல வேண்டும். பொன்னுச்சாமி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "சொல்லாம இருப்பனாண்ணே?" என்றான்.

அந்த வருஷம் கரையோரத்திலேயே சிவப்பு நிறையப் பூத்திருந்தது. முழங்கால் நனைய இறங்கிப் பறித்தான். கோயிலில் பூவை வைத்து, வாய் திறந்ததும் மைக்கை அவனே வாங்கினான். ஊரே கேட்டது. நான் புது வேட்டி கட்டி முன்வரிசையில் நின்றேன்.

"தாமரைப் பூ உபயம், நம்ம தவளையண்ணன். தவளைக்குக் குளம் அமைஞ்சிருச்சு, நமக்குப் பூ கெடச்சிருச்சு."

நானும் சிரித்தேன் சார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். கிணற்றைத் தூர்க்கச் சொல்லியிருந்த ஆளிடம் மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வருஷம் அவனுக்கு வாய்ப்புக் கொடுத்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

போன வருஷப் பங்குனி. திருவிழாவுக்கு முந்தின நாளே சிவப்பு மொட்டுகள் எல்லாவற்றையும் கிள்ளி, நானே கோயிலுக்கு மாலை கட்டக் கொடுத்துவிட்டேன். புண்ணியம்தானே. நடுவில் வெள்ளை மட்டும் நின்றது. சோற்றுத் தட்டு அகலம், மிகையில்லை. ஊருணி என்றால் ஊரே கரையில் நிற்கும். கொல்லையில் வேலிக்கும் குளத்துக்கும் நடுவே ஒருவர் நிற்கத்தான் இடம். அதனால் கூட்டமும் மேளமும் தெருவில் நின்றன. கரையில் வீட்டுக்காரன் நான், கையில் ஒரு துறட்டிக் கம்பு.

பொன்னுச்சாமிக்கு நீச்சல் தெரியாது. சொம்பால் மொண்டு ஊற்றிக் குளிக்கிற வளர்ப்பு. ஆனால் தூர்த்த கிணறு, இடுப்பளவு தண்ணீர், பயப்பட என்ன இருக்கிறது? பரிவட்டத்தோடு இறங்கினான். இலைகளை விலக்கிக்கொண்டு நடந்தான். வெள்ளையைப் பார்த்து முகம் மலர்ந்தது. திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், பிரமாதம் என்கிற மாதிரி. அடுத்த எட்டு கிணற்றில் வைத்தான்.

கத்தவில்லை. அதுதான் எங்கள் ஊர். தலை மூழ்கி மேலே வந்தான், வாய் இறுக மூடியே இருந்தது. வாயைத் திறந்தால் பரிவட்டம் போய்விடுமே. கண் இரண்டும் வெளியே வந்து விழுந்துவிடும் போலிருந்தது. தாமரைத் தண்டுகள் கயிறு மாதிரி, மேலெல்லாம் முள்ளு முள்ளாக இருக்கும். காலை உதைக்க உதைக்கச் சுற்றிக்கொள்ளும். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நானும் கையை ஆட்டினேன். இரண்டாம் தடவை மேலே வந்தபோதும் மூடிய வாய்தான். அவனுடைய பக்தியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் தெருவில் மேளம் தொடங்கியிருக்கவில்லை. ஒரு கூப்பாடு போட்டிருந்தால் பத்துப் பேர் வந்து குதித்திருப்பார்கள்.

மேளம் தொடங்கிய பிறகு வாயைத் திறந்தான்.

"செல்லச்சாமிண்ணே."

எவ்வளவு தெளிவாகச் சொன்னான் தெரியுமா சார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. என் அய்யா வைத்த பேர். இவ்வளவு நல்ல பேரா அது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவனுக்கு இத்தனை காலமும் ஞாபகம் இருந்திருக்கிறது என்பதுதான் இன்னும் ஆச்சரியம். நான் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்னப்பா சொன்ன? மேளச் சத்தத்துல கேக்கல" என்றேன்.

"செல்லச்சாமிண்ணே... கம்ப நீட்டுண்ணே."

கம்பு நீளமானதுதான். நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். நான் மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தேன். அவன்தான் சொல்லவில்லை.

இலைகள் பழையபடி கூடிக்கொண்டன. அதற்கப்புறம் கத்தினேன். ஊர் ஓடி வந்தது. தாமரைக் கொடி காலைச் சுற்றிவிட்டது என்றார்கள். கிணறு தூர்ந்த இடம் உள்வாங்கிவிட்டது போல என்று நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. நான் அழுதது நிஜம். அவன் பெண்டாட்டி உமையாள் என் பக்கம் கையைக் காட்டி, "தவள மச்சானும் எம்புட்டோ பாத்தாகளே, ஆகலயே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில்கூட அந்தப் பேர்தான் அவள் வாயில் வந்தது. அது போகட்டும். நான் வெட்டிய குளத்துக்கு இப்போது என்ன பேர் தெரியுமா? பொன்னுச்சாமி குளம். வீடு தவளை வீடுதான்.

பழி தீர்த்தேன் என்று எழுதாதீர்கள். பழிவாங்குகிற ஆளுக்குக் கோபம் வேண்டும். எனக்குக் கோபமே வந்ததில்லை. ஒரு விதையைக்கூட நான் வேகமாக ராவியது கிடையாது.

நீங்கள் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். எல்லாம் சரி. கிணறு, கம்பு, மொட்டுக் கிள்ளியது, எதையும் மாற்ற வேண்டாம், கையெழுத்துப் போடுகிறேன். மேலே முதல் வரியில் மட்டும் ஒரு திருத்தம். 'செல்லச்சாமி என்கிற தவளை' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த 'என்கிற'விலிருந்து அடித்துவிடுங்கள்.

முடியாதா? ஊரில் விசாரித்த எல்லோரும் தவளை என்றுதான் சொன்னார்களா? நான்தான் செல்லச்சாமி என்பதற்கு, அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவன் என்று ஒரே ஒரு ஊர்க்காரனாவது சாட்சிக்கு வேண்டுமா?

இருந்தான் சார். ஒருத்தன் இருந்தான்.