எட்டு மீட்டர் தாண்டிய என் வீட்டுக்காரி

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் மாலை வகுப்பு ஆசிரியை அவர்களே, முழங்கால் வலியை மறைத்து முன்வரிசையில் முறுவலிக்கும் முதியோர்களே, சலவைக்கூடத்திலிருந்து ஈரக்கையைத் துடைத்தபடி ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

இந்தத் தாளை நானே எழுதினேன். எழுபது வயதில் கற்ற எழுத்து. வரிகள் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன. வாசிக்கையில் தடுக்கினால் பொறுத்தருளுங்கள்.

இன்று நாம் பாராட்டும் பெண்மணி யார்? மருத்துவமனைப் போர்வைகளை முப்பது ஆண்டுகள் பிழிந்தவர். மூத்தோர் குண்டு எறிதல் அணியில் இடம் பிடித்தவர். என் மனைவி! எழுந்து நில்லம்மா என்றால் முறைக்கிறார். சரி, உட்கார்ந்தே இருக்கட்டும்.

குண்டு எறிவதென்றால் எளிதா? மூன்று கிலோ இரும்பு! உள்ளங்கையில் பதியக் கூடாது, விரல்களின் அடியில் அமர வேண்டும். தாடைக்குக் கீழே, கழுத்தோடு ஒட்ட வேண்டும். மைதானத்துக்கு முதுகு காட்டிக் குனிய வேண்டும். பிறகு ஒரே சறுக்கல், ஒரே திருப்பம்! தள்ளுவது கையா? இல்லை, கால்! காலா? இல்லை, இடுப்பு! இடுப்பா? இல்லை ஐயா, அடக்கி வைத்த மூச்சு!

அணியில் சேர எட்டு மீட்டர் தாண்ட வேண்டும். வாய்ப்பு மூன்றே மூன்று. முதல் முறை குண்டு கழுத்தை விட்டு விலகியது, கல்லெறிவதுபோல் எறிந்துவிட்டார். சிவப்புக் கொடி, செல்லாது! இரண்டாம் முறை எட்டைத் தாண்டி விழுந்தது. நான் துள்ளி எழுந்து, "போட்டுட்டே! வா, வா!" என்று கை நீட்டினேன். அவரும் பூரிப்பில் முன்பக்கமாகவே என்னிடம் ஓடிவந்தார். விதி என்ன? குண்டு எறிபவர் நிற்கும் வட்டத்தின் பின்பாதி வழியாகத்தான் வெளியே வர வேண்டும். மறுபடியும் சிவப்புக் கொடி!

"உங்கள யாரு கூப்பிடச் சொன்னா?"

"சந்தோஷத்துல வந்துடுச்சும்மா."

"சந்தோஷத்த சட்டைப் பையில வச்சுக்கங்க. இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

சிரியுங்கள் தாய்மார்களே, சிரியுங்கள். தப்பு என்மேல்தான்!

மூன்றாம் முறை துண்டை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரும்பு பறந்தது. தொப்பென்று விழுந்தது. கூட்டம் கூத்தாடியது! அவரோ ஒற்றைக் காலில் தள்ளாடுகிறார். எதிரே தடுப்புப் பலகை. அதன்மேல் கால் பட்டால் எல்லாம் போச்சு! "வாங்கக்கா, வாங்க!" என்று கூட்டம் அழைக்கிறது. திரும்பிப் பார்த்தாரா? பார்க்கவில்லை. நின்றார். தள்ளாட்டம் அடங்கும்வரை நின்றார். மூச்சு அடங்கும்வரை நின்றார். பிறகு திரும்பி, வட்டத்தின் பின்பாதி வழியாக, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போவதுபோல் நிதானமாக நடந்தார். வெள்ளைக் கொடி! எட்டு மீட்டர், மூன்று சென்டிமீட்டர்!

என் அருகில் வந்து துண்டைப் பிடுங்கினார். "இப்பக் கத்துங்க."

அவையோரே! இரும்பைத் தள்ளும் வலிமை பெரிது. ஆனால் வெற்றி அழைக்கும்போது, ஊர் அழைக்கும்போது, கட்டிய கணவனே கை நீட்டி அழைக்கும்போது, கால் நகராமல் நிற்கிற வலிமை இருக்கிறதே, அதை எந்த நாடாவால் அளப்பது?

அடுத்த மாதம் பெரிய மைதானத்தில் இறங்குகிறார். அங்கே நாம் வாய் பொத்தியிருப்போம். இங்கே கொடியும் இல்லை, கோடும் இல்லை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். எங்கே, எல்லோரும் ஒருமுறை கத்துங்கள்!