குக்குறுவானின் கால்

— காலு எதுக்குச் செவப்பா இருக்கு, சைனப்?

— குக்குறுவானுக்குக் காலு செவப்புதான், சுயம்பு அண்ணாச்சி.

— மாதிரிக்கு நான் தந்த அசல் படம் இந்தா இருக்கு. இதுல பழுப்பு. அச்சு அசலா இதே மாதிரி கலர் போடுன்னுதான சொன்னேன்?

— அத வரஞ்சவன் லண்டன்ல ஒக்காந்து, பஞ்சடைச்ச பறவையப் பாத்து வரஞ்சிருக்கான். செத்தா காலு நெறம் போயிரும். நான் உசுரோட பாத்தேன்.

— எங்க பாத்த?

— உங்க மாட்டுங்கா கடைக்குப் பின்னால உள்ள மரத்துலதான். டுக் டுக்னு பாத்திரம் தட்டுத மாதிரி கேக்கும். மூணு நாயித்துக்கெழம கழுத்து வலிக்க அண்ணாந்து...

— பஸ், போதும். நூத்தம்பது வருசத்துக்கு முந்தி துரை வரஞ்சது தப்பு, தாராவியில நீ சொல்லுதது சரி?

— ஆமா.

— வாயி ரொம்ப நீளுது.

— காலப் பத்தித்தான பேசிட்டிருந்தோம்.

— ரெண்டு தாளு குடுத்தேன். அதே பழைய புஸ்தகத்து அச்சு, கலர் மட்டும் போடாதது. அதுக்கு எங்கெங்க அலைஞ்சேன் தெரியுமா? இன்னொண்ணு எங்க?

— தண்ணி பட்டு வீணாப் போச்சு.

— வீணாப் போச்சா... இதுலயும் லைப்ரரி முத்திரையக் காணும். மூலையில கறையும் போடல.

— கேக்கணும்னு இருந்தேன். வாஷியில ஒருத்தரு வீட்டுச் சுவத்துல மாட்ட நகல் வேணும்னுதான சொன்னிய? அதுக்கு லைப்ரரி முத்திரை எதுக்கு?

— அசல் மாதிரியே இருக்கணும்னு அவரு கேக்காரு.

— சுத்தம் பண்ணித் தாரேன்னு சொல்லி லைப்ரரியில அசல வாங்கிட்டு வந்திய. அவுகளுக்கு என் நகலு போவும். வாஷிக்கு அசல் போவும். அப்படித்தான?

— மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும்.

— அங்க அத எவன் எடுத்துப் பாக்கான்? அலமாரியில தூசி தின்னுட்டுக் கெடக்கு. ஒனக்கு இதுல என்ன வந்துச்சு?

— கோவம் வந்துச்சு. படத்துக்கு அடியில வரஞ்சவன் பேரு இருக்கு, அச்சுக்குச் செதுக்குனவன் பேரு இருக்கு. ஒவ்வொரு தாளுக்கும் கையால கலர் போட்டவுக பேரு எங்க? அவுக வேலையத்தான நீங்க களவாங்குதீய?

— கூலிக்காரிக்கு எதுக்குப் பேரு? ஒனக்கு அந்தக் கையி வராதுன்னு தெரிஞ்சு போச்சு. இந்தா, லென்ஸ வச்சு அசலப் பாரு. தொண்டையில மஞ்சள் எப்படிக் கரஞ்சு எறங்குது... கண்ணச் சுத்தி ஒத்த முடி கனத்துக்குக் கோடு. பாத்தியா?

— பாத்தேன். நல்லாத்தான் இருக்கு.

— ஆயுசுக்கும் ஒன்னால முடியாது.

— இன்னொரு தடவ சொல்லுங்க.

— முடியாது. இனிமே ஒனக்கு வேலையும் கெடையாது. இந்த அசல எடுத்துட்டுப் போறேன். ஆண்டாப் ஹில்ல வேற ஆளு பாத்துக்கிடுதேன்.

— தாராளமா எடுத்துட்டுப் போங்க. வீணாப் போச்சுன்னு சொன்னேன்ல, அந்தத் தாளுதான் அது.

— என்ன சொல்லுத நீ?

— அசல நேத்தே சயான்ல ரயில் ஏறிப் போயி லைப்ரரியில குடுத்து ரசீது வாங்கிட்டேன், அண்ணாச்சி. நீங்க வச்சிருக்கதுல கறை, முத்திரை, பழுப்புக் காலு, அந்த மஞ்சள், எல்லாம் நான் போட்டது. திருப்பிப் பாருங்க, பின்னால என் பேரு இருக்கு.