பலகை வராத சனிக்கிழமை

பெயர் ஹேமலதா, வயது 23. தகப்பனார் பழனி, காலஞ்சென்றவர். ஆரணி கொசப்பாளையத்தில் தாயார் கன்னியம்மாளுடன் குடியிருக்கிறேன். பி.காம். படித்திருக்கிறேன். காவல் நிலையத்தில் பேசிப் பழக்கமில்லாததால் அன்று கேட்ட கேள்விகளுக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் அனுமதி கேட்டு இதை என் கைப்பட எழுதுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் ஆரணியில் துரைக்கண்ணு என்பவர் நடத்தும் சோலார் கடையில் பில் போடுகிறேன். இறந்துபோன அன்பரசு என் உடன்பிறந்த அண்ணன். அதே கடையில் பேனல் மாட்டும் வேலை செய்துவந்தார். என்னைக் கல்லூரியில் சேர்த்துப் படிக்க வைத்தவர் அவர்தான்.

2025 செப்டம்பர் முதல் வாரத்தில், சோலார் பேனலுக்கு ஜி.எஸ்.டி. பன்னிரண்டு சதவீதத்திலிருந்து ஐந்தாகக் குறைகிறது, 22ஆம் தேதி முதல் அமல் என்று செய்தி வந்தது. இறக்குமதித் தீர்வையால் பேனல் விலை ஏற்கெனவே ஏறியிருந்தபடியால் கேட்டவர்கள் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அன்றிலிருந்து கடையில் ஒரு பில்கூட விழவில்லை. முள்ளிப்பட்டில் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கும் ரங்கசாமி என்பவர், பேசி முடித்திருந்த வேலையை நிறுத்தச் சொல்ல வந்தபோது, "கவர்மென்ட்டே ஆடித் தள்ளுபடி போடுது. முந்தி வாங்கறவன் ஏமாளிம்மா" என்று சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. கிடங்கில் இருந்த சரக்கை அவர் பழைய வரி கட்டி வாங்கியிருந்தார்.

22ஆம் தேதிக்குப் பிறகு காத்திருந்த அத்தனை பேரும் ஒரே வாரத்தில் மாட்டித் தரச் சொன்னார்கள். கடையில் மாட்டுகிறவர்கள் அண்ணனும் வேலு என்பவரும் மட்டுமே. சிமென்ட் ஷீட் கூரை ஆளைத் தாங்காது. அதன்மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். கடையில் இருந்தது ஒரு ஜோடிப் பலகை. முன்பெல்லாம் இருவரும் ஒரே இடத்துக்குப் போவார்கள் என்பதால் அது போதுமானதாக இருந்தது.

27ஆம் தேதி புரட்டாசிச் சனிக்கிழமை. அம்மா அண்ணனுக்கு நாமம் இட்டு அனுப்பினார். மாலையில் பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைக்கும் வரை அண்ணன் எதுவும் சாப்பிட மாட்டார். முதலாளி வேலுவைப் பலகையோடு சேத்துப்பட்டுக்கும், அண்ணனை முள்ளிப்பட்டு ரங்கசாமியின் கூடத்துக்கும் அனுப்பினார். சேத்துப்பட்டில் முடிந்ததும் பலகை முள்ளிப்பட்டுக்கு வந்துவிடும் என்றார். பிற்பகல் அண்ணன் கடைக்கு போன் செய்தார். முதலாளி அதை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"பலகை இன்னும் வரலீங்க. மழை வேற தூறிகினு கீது. நாளைக்கி ஏறட்டுமா?"

"நாளைக்கின்னா அந்தாளு வேலூர்க் கடைக்குப் போயிடுவாரு. மூணு வாரம் ஈ ஓட்டினது போதும்பா. பலகை இல்லன்னா உனுக்குக் கால் நடக்காதா? ஜல்தியா முடிச்சிட்டு வா."

அண்ணன் "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். 

அதன் பிறகு நடந்ததை ரங்கசாமி சொல்லித் தெரிந்துகொண்டேன். அண்ணன் ஷீட்டை அடியிலுள்ள இரும்புச் சட்டத்தோடு முடுக்கியிருந்த போல்ட் வரிசையைப் பார்த்து, அதன்மேலேயே கால் வைத்து இரண்டு பேனல்களைக் கொண்டுபோய்விட்டார். மூன்றாவதைக் கொண்டுபோகும்போது ஷீட் உடைந்து, கீழே இருந்த தறியின்மேல் விழுந்தார். ரங்கசாமி போன் செய்ததும் முதலாளியே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு என்னையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அப்போது அண்ணனுக்கு நினைவு இருந்தது. நெற்றியில் நாமம் கலையவில்லை. "பேனல் ஒடஞ்சிச்சாம்மா?" என்று என்னைக் கேட்டார். உடையவில்லை என்றேன். உடைந்ததா என்று அப்போது எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவர் பேசவில்லை. அன்றிரவே இறந்துவிட்டார்.

மறுநாள் முதலாளி கொடுத்த புகாரில், அண்ணன் குடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே கூரைமேல் ஏறியதாக எழுதியிருப்பதை இங்கே படித்துக் காட்டினார்கள். ஏன் அப்படி எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் அன்று தண்ணீர் தவிர எதுவும் குடிக்கவில்லை. ஏறச் சொன்னதை என் காதால் கேட்டேன். முதலாளி முன்னால் நிறுத்திக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். நான் பார்த்ததையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாகவே எழுதியிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். புகாரில் உள்ளது எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா வாசல் பக்கமே வருவதில்லை. நான் சொன்னால் தங்கை என்பதால் சொல்கிறேன் என்கிறார்கள். பிரேதப் பரிசோதனை முடிவு வந்ததும், காவலர் ஒருவர் உடுப்போடு எங்கள் வீட்டுக்கு வந்து, அவர் குடித்திருக்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் கேட்க அம்மாவிடம் ஒருமுறை சொல்ல வேண்டும்.

(ஒப்பம்) ப. ஹேமலதா