தீங்கற்றது என்று பதிந்தேன்

எங்கள் உடலியங்கியல் துறையில் ரத்தம் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆய்வுக்கு நலமானவர்களின் மாதிரி வேண்டுமென்றால் மாணவர்களே கையை நீட்டிவிடுவார்கள். என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்த ரூஹியும் அப்படித்தான் நீட்டினாள்.

விசாரணைக் குழுவில் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன் ஐயா, தவறு சின்னதுதான். இதயத் துடிப்பு பற்றிய என் ஆய்வில், எக்செல்லில் மாதிரி எண்களை மட்டும் வரிசைப்படுத்திவிட்டேன்; பக்கத்திலிருந்த நோய் விவரம் நகரவில்லை. நோயாளிகளும் நலமானவர்களும் கலந்துபோனார்கள். ஆளைக் கொல்லக்கூடிய ஒரு மரபணு மாற்றம் தீங்கற்றதாகத் தெரிந்தது. கட்டுரை வந்தது. உலகமே பார்க்கும் பொதுத் தரவுத்தளத்திலும் அப்படியே பதிந்தேன். ஆறு மாதத்தில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. திருத்தினால் கட்டுரை போய்விடும். பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

போன ஜனவரியில் ரூஹி தன் மாதிரியின் முடிவோடு வந்து நின்றாள்.

"சார், அந்த மாற்றம் எனக்கும் கீது. எங்க மாமூ, அம்மாவோட தம்பி, தேனாம்பேட்டையில ரோட்டுல நடந்துக்கினு இருந்தவரு, அப்படியே விழுந்து போயிட்டாரு. பயமா இருக்கு சார். அபிராமபுரத்துல ஒரு ஹார்ட் டாக்டரப் பாக்கட்டா?"

அவர் தினம் ஒரு மாத்திரை எழுதியிருப்பார். பிழைத்திருப்பாள். கூடவே என் பதிவையும் தோண்டியிருப்பார்.

"டேட்டாபேஸ்ல என்ன போட்டிருக்கு, பாரும்மா," என்றேன்.

பார்த்தாள். தீங்கற்றது என்று இருந்தது; பதிந்தவர் கணேசமூர்த்தி, அதாவது நான்.

"நீங்களே போட்டிருக்கீங்க. அப்புறம் இன்னா சார்," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஜூனில் சைதாப்பேட்டை ஸ்டேஷன் படிக்கட்டில், ரயிலைப் பிடிக்க ஓடியவள் சரிந்து விழுந்தாள். இருபத்தாறு வயது. வீட்டுக்குப் போனபோது அவள் தாய் ஷம்ஷாத் என்னிடம், "உங்க பேச்சுன்னா அவளுக்கு உசுரு சார்," என்றார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அழுகை வரவில்லை. மனம் மரத்துக் கிடந்தது.

அந்த மாற்றம் தாய்வழியில் வந்தது. ரூஹியின் அக்கா ஜுவேரியாவுக்கும் இருக்கலாம். அவள் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. சோதித்துப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. துக்க வீட்டில் எதற்கு என்று அடக்கிக்கொண்டேன்.

பதிவை நான் இன்னும் திருத்தவில்லை. நீங்களும் வற்புறுத்தாதீர்கள். திருத்தினால், ஒரு மாத்திரையில் மகள் பிழைத்திருப்பாள் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்துவிடும். அவரை அவ்வளவு நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.