மூங்கில் ஊதி

பறவை பார்க்க வருகிறவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரக்கூடாது. நூறு தடவை சொன்னாலும் குழுவில் ஒருவராவது போட்டுக்கொண்டு வந்து நிற்பார். நீங்களும் இன்றைக்கு வெள்ளையில்தான் இருக்கிறீர்கள், பரவாயில்லை, இது காடு இல்லை. ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

எங்கள் மலையில் வருடத்தில் முக்கால்வாசி நாள் மேகம் மரத்துக்குள்ளேயே படுத்துக்கிடக்கும். மழை பெய்யாமலே இலை சொட்டும். அங்கே என் அக்கா ஆறு அறை கொண்ட விடுதி ஒன்றை நடத்துகிறாள். சமையலும் சாவியும் அவள் பொறுப்பு, காடு என் பொறுப்பு. குருவியிடம் பேசுகிற பேச்சில் கால்வாசியை ஒரு பெண்ணிடம் பேசியிருந்தால் எனக்கு எப்போதோ கல்யாணம் ஆகியிருக்கும் என்று அவள் வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் சொல்லுவாள். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பதினெட்டு வருடம் இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கிறது.

ஐந்து பேருக்கு மேல் நான் கூட்டிப்போவதில்லை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் விசிலைக் கழுத்தில் மாட்டிவிடுவேன். வழி தவறினாலோ விழுந்தாலோ மூன்று முறை ஊத வேண்டும், கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று முறை. சும்மா ஊதிப் பார்க்கக்கூடாது, ஒரு காலைப் பொழுதே கெட்டுவிடும். அதனால் அந்த விசிலின் சத்தம் எப்படி இருக்கும் என்று என் குழுக்களில் யாருக்குமே தெரியாது. எனக்குத் தெரியும். கடையில் பதினோரு விசிலை ஊதிப் பார்த்து வாங்கியவன் நான்.

அந்தக் குழுவைப் போல ஒரு நல்ல குழு எனக்கு அமைந்ததே இல்லை. ஒரு பல் டாக்டர், தையல் கடை வைத்திருக்கும் அக்கா தங்கை இருவர், ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர், அவருடைய கணவர். முதல் நாள் மாலை சாப்பாட்டு மேஜையிலேயே எல்லோரும் ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிட்டார்கள். டாக்டர், பறவைகளுக்குப் பல் இல்லாததால்தான் நிம்மதியாக லீவு எடுக்க முடிகிறது என்றார். அதற்கு எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் டீச்சரின் கணவர்.

அவரை நான் பெப்பர்மின்ட் சார் என்று மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். பை நிறைய பெப்பர்மின்ட். ஒவ்வொன்றும் மொடமொடக்கும் காகிதத்தில். அவருக்குப் பறவை மேல் துளியும் ஆசை கிடையாது, மனைவிக்குத் துணையாக வந்தவர். காக்கா எது, குயில் எது என்று அவருக்கு இன்னும் குழப்பம்தான் என்றார் டீச்சர்.

"இவரைக் காட்டுக்குள்ள விட்டா மரமே எந்திரிச்சுப் போயிடும் தம்பி. நீங்கதான் பாத்துக்கணும்."

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய்.

டீச்சர் வந்தது செங்கழுத்திக்காக. உள்ளங்கை அளவுப் பறவை, கால் மட்டும் வேறு எதனிடமிருந்தோ எடுத்து ஒட்டியது போல நீளம். தரையை விட்டு எழும்பாது. இருட்டுப் புதருக்குள் நடந்தே வாழ்ந்து நடந்தே சாகும். பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு வருடமாகத் தினமும் ஒரே இடத்தில் மண்புழு வைத்து, அதை என் கண்முன் வரப் பழக்கியிருந்தேன். ஆனால் ஒரு தும்மல் போதும், மூன்று நாளைக்குத் தலை காட்டாது. டீச்சர் பதினாறு வயதில் ஒரு படத்தில் அதைப் பார்த்தாராம். கண்ணில் புரை வளர்கிறது, அடுத்த வருடம் எப்படியோ தெரியாது என்றார்.

மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் கடைசி வளைவுக்குப் போய்விட்டோம். அங்கே தகரக் கூரை போட்ட ஒரு பெஞ்சு உண்டு. அதிலிருந்து இருநூறு அடி தள்ளி என் மறைப்பு, பச்சைத் துணியில் கண் உயரத்துக்குக் கிழிசல் விட்டது. சாருக்கு முழங்கால் வலி. பெப்பர்மின்ட் வேறு. நீங்கள் இங்கேயே உட்கார்ந்திருங்கள், அரைமணியில் வந்துவிடுவோம் என்றேன். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. குறுக்கெழுத்துப் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார்.

"நீங்க போயிட்டு வாங்க தம்பி. குருவி வந்தா, நான் கேட்டேன்னு சொல்லுங்க."

பெஞ்சுக்குப் பின்னால் பத்தடியில் பாறை முடிகிறது. மேகம் இறங்கிவிட்டால் பாறையும் வெட்டவெளியும் ஒரே வெள்ளை. எழுந்திருக்க வேண்டாம் என்று சொன்னேனா என்று கேட்டீர்கள். சொன்னேன். அதில் நான் குறை வைக்கவில்லை. குறுக்கெழுத்துப் பென்சில் உருண்டு, அதை எடுக்கப் போயிருக்க வேண்டும், பிறகு பாறை ஓரத்தில் அது கிடைத்தது.

மறைப்புக்குள் நால்வரும் மூச்சுக் காட்டாமல் குந்தியிருந்தார்கள். எட்டு மணி சுமாருக்குப் புதருக்குள் செங்கழுத்தி ஒரு குரல் கொடுத்தது. வருகிறேன் என்று அர்த்தம். டீச்சர் கைபேசியை எடுத்து ஒலிப்பதிவைத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் கீழே பள்ளத்திலிருந்து, மேகத்துக்குள் வடிகட்டின மாதிரி, மெல்லிசாக ஒரு சத்தம். மூன்று முறை. பிறகு நின்றது. பிறகு மறுபடி மூன்று முறை.

டீச்சர் என் காதருகில் கேட்டார். "இது என்ன பறவை தம்பி?"

எழுந்து ஓடினால் செங்கழுத்தி போய்விடும். நால்வரின் முகத்தையும் பார்த்தேன். தங்கைக்காரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்.

"மூங்கில் ஊதி."

அப்படி ஒரு பறவை உண்டு. பள்ளத்து மூங்கிலுக்குள் இருக்கும், கேட்பதே அபூர்வம். டீச்சர் உடனே நோட்டில் எழுதிக்கொண்டார். மற்றவர்களும் எழுதினார்கள். ஒரே காலையில் இரண்டு அபூர்வம். டாக்டர் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பிறகு செங்கழுத்தி வந்தது. பதினோரு நிமிடம் நின்றது. நான் பார்த்ததிலேயே அதிக நேரம் அதுதான். புழுவை எடுத்து, எங்களைப் பார்த்து, தலையைச் சாய்த்து, மறுபடி எடுத்து. டீச்சருக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூடக் கை அசைக்கவில்லை. பின்னணியில் மூங்கில் ஊதி பாடிக்கொண்டே இருந்தது. செங்கழுத்தி போன பிறகு நால்வரும் சத்தமில்லாமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சார் வராமல் போனதுதான் அதிர்ஷ்டம், வந்திருந்தால் பெப்பர்மின்ட் காகிதத்துக்கே பறவை ஓடியிருக்கும் என்று டீச்சர் கிசுகிசுத்தார். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினேன். பிஸ்கட் கொடுத்தேன். வழக்கமாக ஐந்து நிமிடம், அன்றைக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. அவர்கள் மூங்கில் ஊதியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தெரிந்ததைச் சொன்னேன். மூன்று சுரம், இடைவெளி, மூன்று சுரம். ஆண் மட்டும்தான் பாடும். கூப்பிட்டால் காட்டிக்கொள்ளாது. கொஞ்ச நேரத்தில் மூன்று இரண்டாகிவிட்டது. ஏன் இரண்டு என்று டாக்டர் கேட்டார். வெயில் ஏறும் நேரத்தில் அப்படித்தான் குறையும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் ஒன்றானது. அப்புறம் நின்றுவிட்டது. போகலாமா என்றேன்.

பெஞ்சில் புத்தகம் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததில் யாரும் குறை சொல்ல முடியாது. கயிறு கட்டி நானே இறங்கினேன். நாற்பது அடி. தொடை எலும்பு உடைந்து வெளியே வந்திருந்தது, நிறைய ரத்தம் போயிருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே குரல் கொடுத்தேன். ஆஸ்பத்திரி நடையில் அங்கிருந்த டாக்டர் டீச்சரிடம் பேசும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு அரைமணி முன்னால் கட்டுப்போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்றார். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உயிரைப் பணயம் வைத்து இறங்கினீங்களே தம்பி என்று அழுதார். அக்கா தங்கை இருவரும் எனக்கு ஒரு நல்ல சட்டை தைத்து அனுப்பினார்கள். பழுப்பும் பச்சையும் கலந்தது, காட்டுக்கு ரொம்பப் பொருத்தம்.

விசிலைச் சோப்புப் போட்டுக் கழுவி ஆணியில் மாட்டினேன். அடுத்த குழுவில் ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டார். நல்ல விசில்.

மூன்று மாதம் கழித்து டீச்சர் தனியாக வந்தார். அறை வேண்டாம் என்றார். அலுவலக அறையில் என் எதிரே உட்கார்ந்து கைபேசியை மேஜை மேல் வைத்து அந்தப் பதிவை ஓடவிட்டார். முழுவதும் கேட்டோம். இடையில் பிஸ்கட் கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

"இதைத் தினமும் போட்டுக் கேப்பேன் தம்பி. அவர் போன அன்னைக்குக் கேட்ட பாட்டுன்னு. பறவைச் சத்தத்தை ஆராய்ச்சி பண்றவர் ஒருத்தருக்கு அனுப்பினேன். இது பறவை இல்ல, பிளாஸ்டிக் விசில்னு எழுதியிருக்கார்."

அவர் கைபேசியை அணைத்தார்.

"கால் ஒடஞ்சு கெடந்து இவர் ஊதியிருக்கார். நான் பேர் எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்." குரல் கொஞ்சமும் உயரவில்லை. கடைசி வரிசை மாணவனிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். "நீங்க தெரியாமதானே சொன்னீங்க? மேகத்துல யாருக்கும் தப்பு வரும். விசிலைப் பறவைன்னு நெனச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பஸ் ஏறிப் போயிடறேன். யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

நல்ல மனுஷி. எனக்கு அவ்வளவு பெரிய வழியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"இல்லைங்க டீச்சர். எனக்கு முதல் ஊதல்லயே தெரியும்."

அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை. கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தார். அது நியாயம்தான்.

நீங்கள் காலையிலிருந்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். பறவைக்காகப் பதினோரு நிமிடம் சரி, பறவை போன பிறகு ஏன் உட்கார்ந்திருந்தாய்? யோசித்துப் பார்த்தேன். நான்கு நோட்டில் எழுதியாகிவிட்டது. டீச்சர் பேனாவால் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு விசில் என்று எழுதுங்கள் என்று எப்படிச் சொல்வது? என் வாயால் வந்த ஒரு பெயரை இதுவரை யாரும் அடித்ததில்லை. சத்தம் தானாக நின்றுவிட்டால் பெயர் நிலைத்துவிடும். அதற்காகத்தான் தேநீரை இன்னொரு சுற்று ஊற்றினேன். அவரைக் கொன்றது நான்தான், அதில் மாற்றுப் பேச்சே இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஒன்றே ஒன்று, அறியாமல் தவறாகச் சொல்லிவிட்டான் என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். மலை முழுக்க என்னை நம்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.